கீழ் அறை எழும்பியது, மேல் அறை எழும்பவில்லை: காட்பாடி வீடொன்றின் தேக்குத் தரை – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காட்பாடியை ஒட்டிய ஒரு மனைப்பிரிவில் கீழும் மேலுமாகக் கட்டிய வீடு. மனை போடுவதற்கு முன்பு அங்கே நெல் விளைந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மகன் வெகுகாலம் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். வீடு முழுக்க டைல்ஸ் போட முடிவாகியிருந்தது. கீழே தன் படுக்கையறையும் மேலே தான் உட்கார்ந்து வேலை செய்யும் அறையும் மட்டும் மரத் தரையாக வேண்டும் என்று மகன் கேட்டார். அங்கே குடியிருந்த வீட்டில் ஓக் தரை; பிள்ளைகள் அதிலேயே தவழ்ந்து வளர்ந்தவர்கள். மேற்பரப்பில் மரம் மாதிரி படம் அச்சடித்த பலகை வேண்டாம், முழு மரம்தான் வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார்.

அதே சமயத்தில் குடியாத்தம் பக்கம் இருந்த அவர்களுடைய பூர்வீக வீட்டைப் பிரித்தார்கள். மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அதற்கும் மேலே சுண்ணாம்பில் பதித்த செங்கல். கட்டைகளில் பெரும்பாலானவை வைரம் பாய்ந்தவை. இன்று மரக்கடையில் தேக்கு ஒரு கன அடி என்ன விலை என்று கேட்டவர்கள் அந்தக் கட்டைகளை விறகுக்கு விட மாட்டார்கள். அறுத்துத் தரைப் பலகை ஆக்கிவிடலாம் என்று அப்பாவும் மகனும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். நல்ல முடிவுதான். பின்னால் வந்த தொல்லைக்கும் அந்த மரத்துக்கும் சம்பந்தம் இல்லை.

நான் இந்தப் பக்கத்தில் கட்டட வேலையும் உள்வேலையும் பார்க்கும் என்ஜினீயர். தரை கெட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் நடந்தவற்றை வீட்டுக்காரரும் ஆசாரியும் சொன்னதிலிருந்தும், அவர்கள் எடுத்து வைத்திருந்த படங்களிலிருந்தும் எழுதுகிறேன்.

முதல் முறை போட்ட விதம்

அறுவை மில்லில் முதல் நாளே தகராறு. பழைய கட்டையில் ஆணி இருந்தால் வாள் போய்விடும், எல்லா ஆணியையும் பிடுங்காமல் மரத்தை ஏற்ற மாட்டேன் என்று மில்காரர் சொல்லிவிட்டார். ஆசாரியின் ஆட்கள் காந்தத்தை வைத்துத் தடவித் தடவி ஆணிகளைத் தேடி எடுத்தார்கள். தலை துருப்பிடித்து உதிர்ந்து, உடம்பு மட்டும் உள்ளே நின்ற பழைய ஆணிகள்தான் அதிகம் வேலை வாங்கின. கடைசியில் 90 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் கனத்தில் பலகைகள் கிடைத்தன. ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் அடுத்த பலகையின் நாக்கு நுழையும் காடி.

பலகை போட்டது மே மாதம், கத்திரி வெயில் நேரம். கீழ் அறை 12 அடி அகலம், 14 அடி நீளம். பலகைகள் நீளவாக்கில் ஓடின. அதாவது அகலத்தில் சுமார் 40 வரிசை. மேல் அறை 11-க்கு 13. இரண்டிலும் ஒரே முறை: சிமென்ட் தளத்தின்மேல் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட், அதன்மேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட், தளத்தில் துளை போட்டு பிளக் வைத்து ஸ்க்ரூ, அதன்மேல் பலகை. பலகையின் நாக்கு வழியாகச் சாய்வாக ஆணி அடித்தார்கள்; அடுத்த பலகை வந்ததும் ஆணி மறைந்துவிடும். சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மூடினார்கள். பிறகு இழைத்து, உப்புத்தாள் போட்டு, பாலியூரித்தேன் பூச்சு.

வேலை சுத்தமான வேலை. சந்து தெரியாமல் ஒவ்வொரு பலகையும் இறுக்கிச் சேர்ந்திருந்தது. அந்த இறுக்கம்தான் அப்போது எல்லோரும் பாராட்டிய விஷயம்.

சுவரோரம் இன்னும் கொஞ்சம் விடலாமா என்று மகன் கேட்டாராம். அவர் அமெரிக்காவில் பார்த்தது முக்கால் அங்குல இடைவெளி. ஆசாரி சிரித்துவிட்டு, "நூறு வருஷத்து மரம் சார், அது வளர்றதெல்லாம் வளர்ந்து முடிச்சாச்சி. இனிமே எங்க அசையப் போவுது?" என்றாராம். அப்பாவுக்கும் அதுவே சரி என்று பட்டது.

இந்த நம்பிக்கை வடாற்காட்டில் மட்டும் இல்லை, மரவேலை தெரிந்த பல பேரிடம் இருக்கிறது. அதில் பாதி உண்மை. பழைய மரம் முறுக்கிக்கொள்வதும் வெடிப்பதும் குறைவு. உள்ளிருந்த இறுக்கமெல்லாம் என்றோ தளர்ந்துபோயிருக்கும். ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் வாங்கிக்கொள்வதும், காய்ந்தால் விடுவதும் மரம் இருக்கும் வரை நிற்காது. வாங்கும்போது அகலத்தில் பருக்கும், விடும்போது சுருங்கும். நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது. நூறு வருஷம் கூரையில் இருந்த கட்டையும் ஒவ்வொரு ஐப்பசிக்கும் பருத்து ஒவ்வொரு சித்திரைக்கும் சுருங்கித்தான் வந்திருக்கிறது. கூரையில் அது யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசியில் கவனித்தது

ஆகஸ்ட், செப்டம்பர் மழையிலேயே கீழ் அறையில் பலகைகளின் ஓரம் காலில் தட்டத் தொடங்கியதாம். வெறுங்காலில் குறுக்கே நடந்தால் வரி வரியாகத் தெரிந்தது. "புதுசு, போகப் போகச் சரியாயிடும்" என்று விட்டுவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு ஒரு நாள் ராத்திரி படீரென்று சத்தம். காலையில் பார்த்தால் ஜன்னல் பக்கச் சுவரிலிருந்து நாலாவது வரிசையில் இரண்டு பலகைகள் சேரும் இடம் மேலே எழும்பி நின்றது. அப்போதுதான் எனக்கு அழைப்பு வந்தது.

நான் போனபோது பார்த்தவை:

கீழ் அறையில் ஏறக்குறைய எல்லாப் பலகையும் நடு குழிந்து, இரு ஓரமும் தூக்கியிருந்தது. எஃகு ஸ்கேலைப் பலகையின் குறுக்கே நிறுத்தினால் நடுவில் ஒரு மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தது. ஸ்கர்ட்டிங்கைக் கழற்றியதும் இரு பக்கச் சுவரிலும் பலகை நேராகப் பூச்சில் முட்டி நின்றது. விட்ட 10 மில்லிமீட்டரைக் காணோம். ஸ்கர்ட்டிங் மறைத்திருந்த சுவரில் தரையிலிருந்து விரற்கடை உயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. விரலால் தடவினால் மாவாக உதிர்ந்தது.

மேல் அறையில் சந்துகள் இறுகியிருந்தன, கதவு கொஞ்சம் பிடித்தது. வேறு ஒன்றும் இல்லை. பலகைகள் மட்டமாக இருந்தன. சுவரோர இடைவெளி குறைந்திருந்தாலும் மிச்சம் இருந்தது.

ஒரே மரம், ஒரே ஆசாரி, ஒரே மாதம், ஒரே முறை. ஒன்று கெட்டது, ஒன்று கெடவில்லை. இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு தளவேலையில் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

காரணம் தேடியது

வீட்டில் மூன்று கருத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. மரம் சரியாகக் காயவில்லை என்று உறவினர்கள் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை தோறும் வாளித் தண்ணீர் ஊற்றி வீடு துடைப்பதால்தான் என்று மகன் சொன்னார். அதில் மருமகளுக்கும் மாமியாருக்கும் சின்ன மனத்தாங்கல் வேறு. அறைச் சுவருக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டி கசிகிறது என்பது ஆசாரியின் வாதம். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் மரம். மிச்சப்பட்ட பலகைகள் மேலே பரணில் கிடந்தன. குத்திப் பார்க்கும் ஈரமானியில் தேக்குக்கு உரிய அமைப்பை வைத்து அளந்தேன்; 12 சதவீதம் காட்டியது. மேல் அறைத் தரை 11. அந்த மழையில் வேலூரில் ஒரு வீட்டுக்குள் இருக்கும் மரம் அவ்வளவு காட்டுவது நியாயம்தான். பச்சை மரமாக இருந்தால் பரணிலும் மேல் அறையிலும் அது தெரிந்திருக்கும். மேலும் பச்சை மரம் காயும்போது சுருங்கும், பருக்காது. ஆக மரம் குற்றவாளி இல்லை.

அடுத்து, துடைக்கும் தண்ணீர். எழும்பி நின்ற பலகையை எடுத்துத் திருப்பினேன். மேல்பக்கம் 12, அடிப்பக்கம் 17. மேலே ஊற்றும் தண்ணீரால் கெட்டிருந்தால் மேல்பக்கம்தான் அதிகம் காட்ட வேண்டும், பலகையும் நடு தூக்கி வளைந்திருக்க வேண்டும். இங்கே அடி நனைந்து பருத்திருக்கிறது, மேல் பருக்கவில்லை. அதனால் ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டன. நடு குழிந்த பலகையைக் கண்டால் ஈரம் கீழே என்று பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இருந்தாலும் திருப்பி அளந்து பார்ப்பது நல்லது. வீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் இருந்த சண்டை அந்த இரண்டு எண்களில் தீர்ந்தது.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, வால்வுகளை மூடி, மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் கோடும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருந்தன.

மிச்சம் இருந்தது தரைக்கு அடியில் இருக்கும் மண். நாலடிக்கு நாலடி பலகையும் பிளைவுட்டும் எடுத்தோம். பிளைவுட்டின் அடியில் கரும்பூஞ்சை படர்ந்து, முகர்ந்தால் மக்கிய வாடை அடித்தது. ஃபோம் ஷீட்டின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டப்படாமல் சும்மா பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. போதாக்குறைக்கு ஒவ்வொரு ஸ்க்ரூவும் அதைக் குத்திக்கொண்டு போயிருந்தது. வெளிப்பட்ட சிமென்ட் தளத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கண்ணாடி போன்ற பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் வைத்து இறுக்கி ஒட்டினோம். மறுநாள் பாலித்தீனின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அதற்குக் கீழே தளம் கறுத்திருந்தது. மேல் அறையில் ஒரு மூலையில் அதே சோதனை. அங்கே பாலித்தீன் காய்ந்தே இருந்தது.

மண்ணிலிருந்து மேலே ஏறும் ஈரம், அதாவது ஓதம்தான் என்பதில் அதன்பிறகு சந்தேகம் இல்லை. வீடு கட்டிய மேஸ்திரியைக் கேட்டதில், பேஸ்மட்டம் வரை மண் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே மணல், அதன்மேல் ஜல்லிக் கான்கிரீட், அதன்மேல் இரண்டு அங்குல சிமென்ட் தளம். நடுவில் பாலித்தீன் ஷீட் எதுவும் இல்லை. இந்தப் பக்கத்தில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் கட்டப்படுகின்றன. டைல்ஸோ கிரானைட்டோ போட்டால் அடியில் ஓதம் ஏறுவது யாருக்கும் தெரியாது; மிஞ்சிப்போனால் சுவரோரம் பெயின்ட் உரியும். வயலாக இருந்த களிமண் மழையில் குடித்த தண்ணீரை லேசில் விடாது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பூமி வருஷத்தில் சில மாதம் எவ்வளவு தண்ணீரை வைத்திருக்கும் என்று தெரியும்.

சிமென்ட் தளம் போட்டு இரண்டு மாதம் காயவிட்டோமே என்று வீட்டுக்காரர் கேட்டார். புதுத் தளம் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் காய வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. இரண்டு அங்குலத்துக்கு இரண்டு மாதம் சரிதான். ஆனால் அந்தக் கணக்கு தளத்துக்குள் ஊற்றிய தண்ணீருக்கு மட்டும். கீழே மண்ணிலிருந்து ஏறிக்கொண்டே இருப்பதற்கு எத்தனை மாதம் விட்டாலும் முடிவு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தது

எழும்பியதற்கு ஓதம் மட்டும் போதுமா, இடைவெளியும் குறைவா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. தேக்குக்கு, படுக்கையாக (மரத்தின் வளையம் படுத்திருக்கும்படி) அறுத்த பலகையில், ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் அகலம் 0.00186 பங்கு கூடும். 90 மில்லிமீட்டர் பலகைக்கு அது 0.17 மில்லிமீட்டர். மே மாதம் மரம் 8 சதவீதத்தில் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன் (அடுத்த கோடையில் மேல் அறையில் அளந்தபோது அதுவே வந்தது). கீழ் அறையில் மேலும் அடியும் சேர்த்துச் சராசரி 14-க்கு மேல். ஆக ஆறு சதவீத ஏற்றம். பலகைக்கு ஒரு மில்லிமீட்டர். 40 வரிசைக்கு 40 மில்லிமீட்டர். வளையம் நிமிர்ந்து நிற்கும்படி அறுத்த பலகையாக இருந்தால் இதில் பாதிக்குச் சற்று மேல். இரண்டும் கலந்த தரை, ஆணிகளும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் என்று எவ்வளவு தள்ளினாலும், இருபுறமும் சேர்த்து விட்ட 20 மில்லிமீட்டர் பற்றாது.

மேல் அறையில் 8-லிருந்து 11, மூன்று சதவீதம். முழுக்கப் படுக்கை அறுப்பு என்று வைத்தாலும் 19 மில்லிமீட்டருக்குள். அங்கே 20 போதுமானதாக இருந்தது, மயிரிழையில்.

மகன் இதைப் பார்த்துவிட்டு, அமெரிக்க ஓக் வரவழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். வெள்ளை ஓக்குக்கு அந்த எண் 0.00365. தேக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே வீட்டுக்குள் ஹீட்டரும் ஏசியும் ஈரத்தை ஓரளவு கட்டுக்குள் வைக்கின்றன. இங்கே ஜன்னல் திறந்துதான் இருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அன்றே செய்தது, இரு பக்கச் சுவரோர வரிசைகளை அறுத்து எடுத்தது. தரைக்கு நகர இடம் கொடுக்காவிட்டால் இன்னும் சில இடங்களில் எழும்பும், நாக்குகள் உடையும். அறுத்த இரண்டாம் நாளே எழும்பிய இடம் பாதி தணிந்தது.

அடுத்த முடிவில்தான் வாக்குவாதம். தை மாதத்தில் மகன் வீட்டில் வளைகாப்பு. அதற்குள் மெஷின் வைத்து மேடுகளைத் தேய்த்து மட்டமாக்கிப் பூச்சு போட்டுவிடலாம் என்று ஆசாரி சொன்னார். வீட்டுக்காரருக்கும் அதில் சம்மதம். நான் கூடாது என்றேன். பலகையின் ஓரம் இப்போது உயர்ந்திருப்பது அடியில் ஈரம் இருப்பதால். அந்த நிலையில் ஓரத்தைத் தேய்த்துக் கழித்துவிட்டால், கோடையில் அடி காய்ந்து பலகை நிமிரும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். அப்போது மறுபடி தேய்க்க வேண்டும். 18 மில்லிமீட்டர் பலகையில் நாக்குக்கு மேலே இருக்கும் கனம் கொஞ்சம்தான். இப்படி இரண்டு தடவை தேய்த்தால் தரையின் ஆயுளில் பெரும்பகுதி தூளாகப் போய்விடும். வளைகாப்பை ஹாலில் வைத்துக்கொள்ளலாம், ஜமக்காளம் விரித்தால் போதும் என்று அம்மா சொன்னதில் அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாவது, முழுத் தரையையும் எடுத்துவிடுவது. மேலே ஃபேன் போட்டுக் காயவிடுவது மலிவு. ஆனால் ஈரம் வரும் வழி கீழே திறந்திருக்கும்போது மேலே காயவைப்பது வீண் வேலை. ஒவ்வொரு பலகைக்கும் அடியில் வரிசை எண் எழுதி எடுத்தோம். சாய்வாக அடித்த ஆணி என்பதால் நாக்கு உடையாமல் எடுப்பது கடினம். எட்டில் ஒரு பங்கு சேதமானது. பரணில் இருந்த மிச்சப் பலகைகள் அதற்குக் கை கொடுத்தன. எடுத்தவற்றை மேல் தளத்தில் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) குறுக்கே வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் ரீப்பர் நேர்மேலே ரீப்பர் வரும்படி அடுக்கி, உச்சியில் நாலு மூட்டை சிமென்ட் பாரம் ஏற்றி, காற்றோட்டத்தில் விட்டோம்.

காய்ந்ததும் பெரும்பாலான பலகைகள் தாமாக நிமிர்ந்தன. சில நிமிரவில்லை. வேறு சில நிமிர்ந்தும் மற்றவற்றைவிட அரை மில்லிமீட்டர் குறுகலாக இருந்தன: பருத்தபோது ஒன்றையொன்று நெருக்கி ஓரத்து இழைகள் அமுங்கிவிட்டன, காய்ந்தாலும் அவை பழைய அகலத்துக்கு வராது. அவற்றைக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் வரும்படி ஒதுக்கினோம்.

ஓதத்தை அடைத்த விதம்

மூன்று வழி யோசித்தோம். ரீப்பர் மேல் தூக்கிப் போட்டு அடியில் காற்றுப் போக வழி விடுவது ஒன்று. தரை இரண்டரை அங்குலம் உயரும், வாசற்படி தடுக்கும், பல்லியும் கரையானும் குடியேறும் என்று விட்டோம். வெறும் பாலித்தீன் விரித்து மேலே பழையபடி ஸ்க்ரூ போடுவது இன்னொன்று. ஸ்க்ரூ போட்ட இடமெல்லாம் ஓட்டை. தேர்ந்தெடுத்தது மூன்றாவது. தளத்தை கிரைண்டரால் தேய்த்து உப்பை நீக்கி, மாசி மாதம் மேற்பரப்பு காய்ந்திருந்தபோது ஈரம் தடுக்கும் எபாக்சி இரண்டு கோட். அதன்மேல் 250 மைக்ரான் பாலித்தீன், ஓரங்கள் அரையடி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி டேப் ஒட்டி, சுவரில் ஸ்கர்ட்டிங் உயரத்துக்கு ஏற்றி. அதன்மேல் பிளைவுட் இரண்டு அடுக்கு, ஒன்றுக்கொன்று குறுக்காக. இரண்டும் தமக்குள் ஸ்க்ரூ, தளத்துக்குள் ஒரு ஸ்க்ரூகூடப் போகவில்லை. பிளைவுட் தன் எடையிலேயே படுத்திருக்கும்.

எபாக்சிக்கு முன்னால் சுவரும் தரையும் சேரும் கோட்டில் துளை போட்டுக் கரையான் மருந்து இறக்கினோம். கட்டி முடித்த வீடுகளுக்கான முறை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 6313-ன் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. தேக்கு வைரத்தைக் கரையான் அவ்வளவாகத் தொடாது என்றாலும் பிளைவுட்டுக்கு அந்த யோகம் இல்லை. பழைய பலகைகளிலும் அங்கங்கே வெள்ளை (வைரம் பாயாத வெளிமரம்) ஓடியிருந்தது.

எபாக்சி இறுகிய பிறகு அதே பாலித்தீன் சோதனை. ஒரு நாள் கழித்துப் பிரித்தபோது உள்பக்கம் தூசி மட்டும் இருந்தது. அதற்குப் பிறகுதான் பிளைவுட் கடைக்குப் போன் செய்யச் சொன்னேன்.

மறுபடி போட்டது

எப்போது போடுவது என்பதைத் தேதி வைத்து முடிவு செய்யவில்லை. கோடையில் 8, மழையில் 12 என்றால் நடுவில் 10 வரும்போது போட்டால் இரு பக்கமும் பாதிப் பாதி அசையும். அடுக்கில் இருந்த பலகைகளும் அறையில் விரித்த பிளைவுட்டும் பத்துக்குச் சற்று மேலே ஒத்துவந்தது பங்குனியில். பலகைக்கும் அடிப் பிளைவுட்டுக்கும் இடையே வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அங்கே ஒன்றுக்குள் இருந்தது.

சுவரோரம் இந்த முறை 20 மில்லிமீட்டர். ஸ்கர்ட்டிங்கின் கனம் அதை மூடப் போதாது என்பதால் அதற்குக் கீழே கால்வட்டத் தேக்குப் பட்டை. ஸ்கர்ட்டிங்கும் பட்டையும் சுவரில் ஆணி, தரையில் ஆணி இல்லை. ஐந்து வரிசைக்கு ஒரு தடவை ஹாக்ஸா பிளேடு கனத்துக்குச் சந்து விட்டோம். ஆசாரிக்கு அது பிடிக்கவில்லை. கை சும்மா இருக்காமல் இரண்டு இடத்தில் தட்டி இறுக்கிவிட்டார், பிறகு தானே பிரித்தார். நல்ல வேலைக்காரருக்குச் சந்து விட்டுப் போடுவது கஷ்டம்தான்.

நான் கேட்டுக்கொண்டு செய்யவைத்தது ஒன்று உண்டு. கதவோரம் ஒரு குட்டைப் பலகையை மட்டும் ஆணி அடிக்காமல், நாக்கைச் சீவிவிட்டு, நாலு பித்தளை ஸ்க்ரூவில் நிறுத்தினோம். எப்போது வேண்டுமானாலும் கழற்றி அடியை அளந்து பார்க்கலாம்.

தேய்ப்பதும் பூச்சும் சித்திரையில், பலகை ஒரு மாதம் படுத்த பிறகு.

பின்விளைவு

அந்த மே மாதமே சந்துகளில் மயிரிழை இடைவெளி தெரிந்தது. சில இடத்தில் அரை மில்லிமீட்டர். வீட்டுக்காரர் பதறிப் போன் செய்தார். மழைக்கு மூடிக்கொள்ளும், மரத்தூளும் பசையும் வைத்து அடைக்க வேண்டாம் என்று சொன்னேன். அடைத்தால் பருக்கும்போது இடம் இல்லாமல் மறுபடி எழும்பும்.

நவம்பரில் சந்துகள் மூடின. பித்தளை ஸ்க்ரூ பலகையைக் கழற்றி அளந்ததில் மேல்பக்கம் 12, அடிப்பக்கமும் 12. சுவரோர இடைவெளி 20-லிருந்து 14 ஆகியிருந்தது. எஃகு ஸ்கேலை எங்கே வைத்தாலும் வெளிச்சம் வரவில்லை. அலமாரிப் பக்கம் இரண்டு பலகையில் தட்டினால் பொத்துச் சத்தம் கேட்கிறது. பிளைவுட் அங்கே தளத்தில் முழுக்கப் படியவில்லை என்று நினைக்கிறேன். அசையாததால் விட்டுவிட்டோம்.

சுவரில் உப்பு பூப்பது நிற்கவில்லை. தளத்தை அடைத்ததும் ஓதம் சுவர் வழி தேடுகிறது. பூச்சை ஓரடி உயரத்துக்குக் கொத்தி எடுத்து வேறு பூச வேண்டியிருக்கும். அந்த வேலை பாக்கி.

இரண்டாம் தடவைச் செலவு, முதல் தடவை ஆனதில் பாதியைத் தாண்டியது. மரம் சொந்தமாக இருந்தும் இவ்வளவு.

எதை மாற்றிச் செய்யலாம்

வீடு கட்டும்போதே ஜல்லிக் கான்கிரீட்டுக்குக் கீழே பாலித்தீன் விரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மொத்தக் கட்டடச் செலவில் அது கண்ணுக்குத் தெரியாத தொகை. எந்தத் தரை போடுவது என்று தீர்மானிக்காதவர்களும் அதைச் செய்து வைக்கலாம். டைல்ஸ் போட்டாலும் சுவருக்கு நல்லது.

கட்டி முடித்த வீட்டில், மரம் வாங்குவதற்கு முன்னால் தளத்தைச் சோதிக்க வேண்டும், அதுவும் மழை மாதத்தில். கோடையில் ஒட்டும் பாலித்தீன் நல்ல பதில்தான் சொல்லும், அதை நம்ப முடியாது. இந்த வீட்டில் மே மாதம் சோதித்திருந்தாலும் தளம் காய்ந்தே காட்டியிருக்க வாய்ப்பு உண்டு.

மரம் காய்ந்ததா என்பதற்கு ஆசாரியின் கை அனுபவத்தோடு ஓர் ஈரமானியும் வேண்டும். மரக்கடைகள் சிலவற்றில் இப்போது வைத்திருக்கிறார்கள், கேட்டால் அளந்து காட்டுவார்கள். எந்தப் பகுதியில் எந்த வேலைக்கு மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று ஐ.எஸ். 287 சொல்கிறது. அதைவிட எளிது, அதே வீட்டில் சில வருஷமாக இருக்கும் ஒரு கதவையோ மேசையையோ மழையிலும் கோடையிலும் அளந்து வைத்துக்கொள்வது.

துடைக்கும் முறையையும் மாற்றச் சொன்னேன். தரை கெட்டது அதனால் இல்லை என்றாலும், வாளியை ஊற்றித் துடைப்பது முழு மரத் தரைக்கு ஆகாது. இறுக்கிப் பிழிந்த துணி போதும். மாமியார் ஒத்துக்கொண்டார், வெள்ளிக்கிழமை அந்த அறைக்கு வாளி போவதில்லை.

என்னைக் கேட்டால், வயலை மேடாக்கிக் கட்டிய கீழ்த்தளத்தில் முழு மரத் தரையே வேண்டாம் என்பேன். அதே ஆசையை மேல் அறையில் கால்வாசித் தொல்லையில் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் போட்டே ஆக வேண்டும் என்பவருக்கு மேலே சொன்னது நடக்கக்கூடிய வழி.

இப்போது ஹாலுக்கும் போட்டுவிடலாமா என்று மகன் கேட்கிறார். பிரித்த வீட்டுக் கட்டைகளில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. டைல்ஸை இரண்டு இடத்தில் பெயர்த்துக் கார்த்திகை மழையில் பாலித்தீன் ஒட்டிப் பார்த்த பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். டைல்ஸைப் பெயர்க்க அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.